பலகை பிடிக்கிறவள் பேசக் கூடாது

மார்ச் 4

சிட்டு,

போனை நீ எடுப்பதில்லை. உன் மகள் எடுத்து, "அம்மா தூங்குறாங்க அத்தை" என்கிறாள். காலை பதினொரு மணிக்கும் தூக்கம், சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூக்கம். ஐம்பத்திரண்டு வயதில் புதிதாகப் பிறந்த குழந்தையா நீ? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்திடம் யாரும் தூங்குகிறேன் என்று சொல்ல முடியாது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இங்கே வேறு மாதிரி கதை உலவுகிறது. எதிர் வீட்டுக்காரி நேற்று கேட்டைப் பிடித்துக்கொண்டு, "உங்க நாத்தனார் விரலை அறுத்துட்டீங்களாமே?" என்று கேட்டாள். அறுத்துட்டீங்களாமே! ஏதோ நான் உன்னைப் படுக்க வைத்து அறுத்த மாதிரி.

மழலையர் பள்ளிக்குச் செய்கிற வட்ட மேசையின் மேற்பலகை அது. நீ இரண்டு கையாலும் பலகையை அழுத்திப் பிடித்திருந்தாய். நான் ஜிக்சாவை ஓட்டினேன். தையல் ஊசி மாதிரி ஏறி இறங்கி அறுக்கிற ரம்பம் அது. பலகையைக் கொஞ்சம் விட்டாலும் தூக்கிக்கொண்டு குதிக்கும் என்று பதினோரு வருஷமாக உனக்குத் தெரியும். அரை வட்டம் முடிந்திருந்தது. நீ இடது கையை எடுத்தாய். பலகை குதித்தது. அப்புறம் ரத்தம்.

என் முந்தானையைக் கிழித்து யார் கட்டியது? நான். உன் அண்ணன் கார் சாவியைத் தேடிக்கொண்டு வீட்டையே மூன்று முறை சுற்றி வந்தபோது, அது அவர் கையில்தான் இருக்கிறது என்று கத்தியது யார்? நான். ஆஸ்பத்திரி பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது? அதுவும் நான். மறுநாள் காலை காபி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தால் உன் பெட்டியும் இல்லை, நீயும் இல்லை. ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்று உன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்!

பன்னிரண்டு முக்காலியும் ஒரு மேசையும் அப்படியே கிடக்கின்றன. பிடிக்க ஆள் இல்லாமல், பட்டறையாக்கிய கராஜில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. ஏன் கையை எடுத்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணி


மார்ச் 11

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

ஏழு தையல். ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்துவிட்டது. இனி அது மடங்காது என்று டாக்டர் நேற்று கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை. கேட்கத்தான் இல்லை. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். விரல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

எதிர் வீட்டுக்காரியிடம் நான் வாயைத் திறக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் உங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து பத்தாவது நாள், "சும்மா உட்கார்ந்திருக்காதே சிட்டு, இதைக் கொஞ்சம் பிடி" என்றீர்கள். அந்தக் கொஞ்சம்தான் பதினோரு வருஷம். உங்கள் பட்டறையில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் மூன்று. பிடி. நல்லா பிடி. அசையாமல் பிடி. அண்ணன் ஒரு தடவை, மேசையில் ஒரு வைஸ் பூட்டிவிடலாமா, பலகையை அதுவே கவ்விக்கொள்ளுமே என்று கேட்டார். "அதுதான் சிட்டு இருக்காளே" என்றீர்கள். அதை நீங்கள் பாராட்டு என்றே நினைத்திருப்பீர்கள். நான் அன்றைக்கு மாடியில் போய் அழுதேன். ஒரு இரும்புச் சாமானுக்குப் பதில் நான்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். இரண்டாவது வருஷம், நீங்கள் அறுத்துக்கொண்டிருக்கும்போது "அண்ணி, அடுப்பில் பால் பொங்குது" என்றேன். நீங்கள் திரும்பினீர்கள், பலகை கெட்டது. அன்றைக்கே சாக்பீஸால் ஷட்டரின் உள்பக்கம் எழுதினீர்கள். பலகை பிடிக்கிறவள் பேசக் கூடாது. எழுத்து அழிய அழிய நீங்களே மறுபடி எழுதினீர்கள். நானும் பேசவில்லை. பால் அதற்குப் பிறகு எத்தனையோ முறை பொங்கியது. பேசவில்லை.

நானும் ஒரு தடவை அறுத்துப் பார்க்கட்டுமா என்று போன வருஷம் கேட்டேன். பள்ளித் தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். "நீயா?" என்று கேட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். நான் குனிந்து தூளைப் பெருக்கினேன்.

ஏன் கையை எடுத்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்தேன். அவ்வளவுதான். பிடிக்க ஆள் வேண்டுமென்றால் இரும்புக் கடையில் கிளாம்ப் என்று விற்கிறார்கள்.

சிட்டு


மார்ச் 19

சிட்டு,

வாங்கிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே கடைக்குப் போய் நாலு கிளாம்ப் வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். ஒரு வாயை மேசைக்குக் கீழே கொடுத்து, இன்னொரு வாயைப் பலகை மேல் வைத்துத் திருகினால் கடிக்கிற கடியில் யானை வந்து இழுத்தாலும் அசையாது. பேசுவதில்லை. தும்முவதில்லை. நடுவில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. முக்கியமாக, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போவதில்லை. ஒன்றை உன் அண்ணன் வாயில் மாட்டலாம் என்று பார்த்தேன், அளவு பத்தவில்லை.

அவர் உனக்காக வக்காலத்து வாங்குகிறார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாவம், அதுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்" என்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசத் தைரியம் இல்லை.

விரல் மடங்காது என்று படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்காக நீ ஒன்றும் உருக வேண்டாம். மறுநாள் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன்.

ஆனால் "எடுத்தேன், அவ்வளவுதான்" என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவ்வளவுதான் என்றால் என்ன அர்த்தம்? வேண்டுமென்றே எடுத்தாயா? என் மேல் உள்ள வயிற்றெரிச்சலில், பலகை கெடட்டும், இவள் பேர் கெடட்டும் என்று எடுத்தாயா? நான் உனக்கு அவ்வளவு கெட்டவளா? கராஜுக்குள் போகும்போதெல்லாம் இதுதான் மண்டையைக் குடைகிறது. பூசி மெழுகாமல் சொல்.

வைஸ் வேண்டாம் என்று சொன்னது உண்மை. இரும்பை நம்பி என்னால் அறுக்க முடியாது, உன்னை நம்பி அறுக்க முடியும் என்று நினைத்தேன். அதைச் சரியான வார்த்தையில் சொல்லத் தெரியாதது என் தப்பு என்றால் தப்புதான்.

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

வேண்டுமென்றே என் விரலை ரம்பத்தில் கொடுப்பேன் என்று நினைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இதைப் படித்த பிறகு பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். என் மகள்தான், "எழுதும்மா, இல்லேன்னா இங்க இருக்கிற பாத்திரமெல்லாம் நெளிஞ்சுடும்" என்றாள். நான் பாத்திரம் கழுவுகிற சத்தம் அவளுக்குத் தாங்கவில்லையாம். அவளிடம் கை வழுக்கிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவள் நர்ஸ், நம்பவில்லை.

கிளாம்ப்பைப் பற்றிச் சொல்கிறேன். இரும்பு வாயை நேராகப் பலகையில் வைத்துத் திருகினால் பள்ளம் விழும். நடுவில் ஒரு வேண்டாத துண்டுப் பலகையை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் மாட்டாதீர்கள், மறுபக்கம் எகிறும். வட்டப் பலகையின் ஓரத்தைத் தேய்க்கும்போது கிளாம்ப் குறுக்கே வரும். அதற்கு முக்கோணமாக வாய் வெட்டிய இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வட்டத்தை உட்கார வைத்து, ஒரு கட்டைக்குப் பின்னால் ஆப்பு அடித்து இறுக்குங்கள். கிளாம்ப்பை அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள், அதிர்வில் திருகு தளரும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பதினோரு வருஷம் கிளாம்ப்பாக இருந்தவளுக்குத் தெரியாதா?

ஷட்டரை முழுசாகத் திறந்து வைத்து அறுங்கள். பாதி மூடிக்கொண்டு அறுக்காதீர்கள். மத்தியானத்துக்குமேல் அறுக்க வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள்.

சிட்டு


ஏப்ரல் 6

சிட்டு,

நாசமாய்ப் போன கிளாம்ப். நாசமாய்ப் போன கடைக்காரன்.

ஆறு முக்காலிக்கு மேற்பலகை அறுத்தேன். ஆறும் போச்சு. ஒன்றுகூட வட்டம் இல்லை, எல்லாம் உருளைக்கிழங்கு. அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கெட்டிருந்தால் கை தவறியது என்று விடலாம். ஆறும் ஒரே மாதிரி வலது பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

நீ சொன்னபடி துண்டு வைத்தேன், ஆப்பு அடித்தேன், அரை மணிக்கு ஒருமுறை திருகினேன். உன்னை ஒருத்தியை ஈடுகட்ட என் கராஜில் இப்போது நாலு கிளாம்ப், இரண்டு முக்கோணக் கட்டை, ஏழு ஆப்பு, ஒரு மூட்டை மணல், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் ஒரு சுருள். பாதி வட்டம் அறுக்க வேண்டியது, கழற்ற வேண்டியது, திருப்ப வேண்டியது, மறுபடி மாட்ட வேண்டியது. நீ இருந்தால் சும்மா திருப்பிக் கொடுப்பாய். அரை மணி வேலைக்கு அரை நாள் ஆகிறது. அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் உருளைக்கிழங்கு.

மூன்றாவது பலகையில் உன் அண்ணனைக் கூப்பிட்டு, "கிளாம்ப் நழுவுதான்னு பார்த்துக்கிட்டே நில்லுங்க" என்றேன். நின்றார். அறுத்து முடித்ததும் தொண்டையைக் கனைத்துவிட்டு, "பலகை அசையல. நீதான் கோட்டை விட்டு வெளியே போற" என்றார். பஸ் ஓட்டினவருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். அவர் போய்த் தெருவில் நிற்கிற காருக்குள் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக்கூட வரவில்லை.

அவர் போன பிறகு நாலாவது பலகையை மாட்டி, அதைச் சுற்றி மேசையில் பென்சிலால் கோடு போட்டேன். அறுத்துவிட்டுப் பார்த்தேன். பலகை மயிரிழைகூட நகரவில்லை. ஐந்தாவதும் அப்படியே. ஆறாவதும் அப்படியே. கிளாம்ப் மேல் குற்றம் இல்லை. கடைக்காரன் மேலும் இல்லை. மேலே திட்டியதை அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

சமையலறையில் கிடக்கிற பழைய முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் ஆணி அடித்து நூல் கட்டி அளந்தேன். போன வருஷம் செய்தது. அச்சு மாதிரி வட்டம். அதையும் நான்தான் அறுத்தேன். இதே கை, இதே ரம்பம், இதே மேசை. நடுவில் மாறியது நீ ஒருத்திதான்.

மத்தியானத்துக்குமேல் அறுக்காதே, ஷட்டரைத் திற என்று எதற்கு எழுதினாய்? உனக்கு என்ன தெரியும்? நீ பிடித்துக்கொண்டிருந்தபோது என்ன செய்தாய்? சொல்லித் தொலை.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

இரண்டு வருஷமாக நீங்கள் கோட்டைப் பார்த்து அறுக்கவில்லை. நான்தான் கோட்டை ரம்பத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்.

முதலில் நீங்கள் பென்சிலை அழுத்தி எழுத ஆரம்பித்தீர்கள். பிறகு அறுக்கும் முன்னால் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தீர்கள். ஒரு நாள் தலைமை ஆசிரியைக்கு டீ ஊற்றும்போது டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினீர்கள், தட்டு ஆடுகிறது என்று என்னைத் திட்டினீர்கள். அந்த வாரம்தான் கவனித்தேன். ரம்பம் கோட்டுக்கு வலது பக்கம் நழுவுகிறது. பலகையை ஒரு நூல் அளவு திருப்பினேன். கோடு ரம்பத்துக்குக் கீழே வந்துவிட்டது. நீங்கள் கவனிக்கவில்லை. மறுபடி நழுவியது, மறுபடி திருப்பினேன். அப்புறம் அதுவே வேலை ஆகிவிட்டது. நீங்கள் தள்ளுவீர்கள், நான் திருப்புவேன். முக்காலி, தட்டு, பொம்மை அலமாரி, எல்லாம் அப்படித்தான்.

அந்த மேசைப் பலகை நாலடி அகலம். என் கைக்குத் திரும்பவில்லை. எவ்வளவோ அழுத்தித் திருப்பிப் பார்த்தேன், மலை மாதிரி உட்கார்ந்திருந்தது. ரம்பம் கோட்டை விட்டு வெளியே போய்க்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் நீங்களே தேடிப் பிடித்து வாங்கிய பலகை. இன்னும் நாலு விரல் தூரம் போனால் பாழ். வாயைத் திறந்து "அண்ணி, நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. வரவில்லை. பத்து வருஷமாக அந்த மேசைக்கு முன்னால் பேசாத வாய். கைதான் போனது. கோட்டைத் தொட்டு, இங்கே, என்று காட்டினேன். பிடிக்கிற கையை எடுத்தால் பலகை குதிக்கும் என்பது எனக்கு மறந்தே போனது.

இதுதான் நடந்தது. உங்களைக் கெடுக்க இல்லை. காட்டத்தான் எடுத்தேன்.

ஏன் இரண்டு வருஷம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் "உனக்குத்தான் கண் அவிஞ்சு போச்சு" என்றிருப்பீர்கள். மாடி அறை உங்களுடையது. உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லிவிட்டு நான் எங்கே போவேன் என்று பயம். இது ஒரு காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். வருகிறவர்கள் எல்லாம் உங்கள் முக்காலியைத் தடவிப் பார்த்து, "என்ன கை உங்களுக்கு!" என்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். நான் மூலையில் நின்றுகொண்டு, அது என் கை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்தச் சந்தோஷத்தை விட எனக்கு மனசில்லை. உங்கள் கண்ணைச் சொல்லியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

சிட்டு


ஏப்ரல் 18

சிட்டு,

இரண்டு வருஷம்! இரண்டு வருஷம் என்னைப் பொம்மை மாதிரி ஆட்டி வைத்திருக்கிறாய். நான் என்னவோ என் கையில் சரஸ்வதி குடியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறாய்.

சிரிக்கவில்லை என்று எழுதாதே. சந்தோஷப்பட்டேன் என்று நீயே எழுதிவிட்டாய்.

நீ சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். சத்தியமாகக் கத்தியிருப்பேன். நீயும் கத்தியிருக்க வேண்டும். மூன்று நாள் பேசாமல் இருந்திருப்போம். நாலாம் நாள் உன் அண்ணன் நம் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்திருப்பார். ஐந்தாம் நாள் நான் கண் டாக்டரிடம் போயிருப்பேன். உன் விரல் உன் கையில் மடங்கிக்கொண்டு இருந்திருக்கும். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயந்து நீ விரலைக் கொடுத்திருக்கிறாய். இது என்ன கணக்கு? நான் அவ்வளவு பெரிய பிசாசா?

மாடி அறையை விட்டு உன்னை அனுப்பிவிடுவேன் என்று எப்படி நினைத்தாய்? எந்த நாளாவது அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததா? திட்டியிருக்கிறேன். போ என்று சொன்னதே இல்லை. நினைவிருந்தால் சொல்.

என் கண் கெட்டுப்போனது எனக்கே தெரியாது, உனக்குத் தெரியும். என்னுடையதை எடுத்து நீ வைத்துக்கொண்டாய். இதற்குமேல் எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

எனக்கு இனி எழுதாதே.

அண்ணி


மே 3

சிட்டு,

எழுதாதே என்றதும் எழுதாமல் இருந்துவிட்டாய். சொன்ன பேச்சைக் கேட்கிற இந்தப் பழக்கத்தை எப்போதுதான் விடப்போகிறாய்? தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு கேட்டருகே நிற்கிறேன். எதிர் வீட்டுக்காரி அதற்கும் ஏதோ கதை கட்டியிருப்பாள்.

கண் டாக்டரிடம் போனேன். உன் அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். மேல் இரண்டு வரி படித்தேன். மூன்றாவது வரியை, எழுத்து சரியாக அடிக்கவில்லை என்று சண்டை போட்டேன். உன் அண்ணன் பின்னாலிருந்து அதே வரியைக் கடகடவென்று படித்தார். எனக்கு அவரை அங்கேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. "எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார். "என் நாத்தனாரைத்தான் கேட்கணும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மே 20 அன்று ஆபரேஷன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் பாதிக்குமேல் இப்போது என் மேல்தான். ஷட்டரில் எழுதியிருந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். பத்து வருஷமாக எழுதியதன் மேலேயே எழுதியிருக்கிறேன், துடைத்தாலும் வெள்ளையாகத் தெரிகிறது. பால் பொங்குகிறது என்று சொன்ன ஒரு குற்றத்துக்குப் பத்து வருஷத் தண்டனை. நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. தலைமை ஆசிரியை முன்னால் சிரித்ததும் தப்பு. அவரிடம் போய் அதைச் சொன்னேன். அறுத்தது பாதி என் நாத்தனார்தான் என்றேன். முக்காலி ஜூன் முடிய ஆகும் என்றும் சொன்னேன். சரி என்றார்.

உன் விரலுக்கு நான்தான் காரணம். இதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. மன்னித்துக்கொள் சிட்டு.

திரும்பி வா. இனி நீ அறு, நான் பிடிக்கிறேன். உன் மாடி அறையை அன்றாடம் பெருக்கி வைத்திருக்கிறேன்.

அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நான் அழுதேன். என்ன எழுதியிருக்கு என்று மகள் கேட்டாள். படிக்கக் கொடுத்தேன். கை வழுக்கியது என்ற பொய்யும் அத்தோடு போனது. "பெரியவங்க ரெண்டு பேருக்கும் ஒரு வாய் இருந்திருந்தா ஒரு விரல் மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

போ என்று நீங்கள் என்னை ஒருநாளும் சொன்னதில்லை. அது உண்மை. நானே பயந்துகொண்டது. அதற்கு நானும் மன்னிப்புக் கேட்கிறேன். சிரித்தேன் என்றீர்களே, அதற்கு மட்டும் கேட்க மாட்டேன். நான் சிரிக்கவில்லை.

இப்போது நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காது.

இந்த வீட்டிலும் ஒரு கராஜ் இருக்கிறது. மகளுக்கு வண்டி இல்லாததால் சும்மாதான் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரருடைய ஒரு பழைய இரும்பு மேசையும் அதில் இருந்தது. ஏப்ரல் கடைசியில் இரண்டு கிளாம்ப்பும் ஒரு ஜிக்சாவும் வாங்கினேன். உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நீங்கள் எழுதாதே என்றிருந்தீர்கள்.

ஒரு பழைய மரப்பெட்டியின் பலகையை மேசையில் மாட்டினேன். இடது கை விரல் நீட்டிக்கொண்டு நிற்பதால் திருகைச் சுற்றச் சிரமம், உள்ளங்கையால் சுற்றினேன். பலகையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆடியது, கழற்றி மறுபடி மாட்டினேன். மூன்று தடவை. ரம்பத்தைக் கையில் எடுத்ததும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வைத்துவிட்டேன். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி எடுத்தேன். இரண்டு கையும் ரம்பத்தின் மேல், பலகை தானாக நிற்கிறது. கோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தள்ளினேன். பாதி அறுத்து, திருப்பி மாட்டி, மீதியையும் அறுத்தேன். வட்டம் கீழே விழுந்தது. எடுத்து ஓரத்தைத் தடவினேன். சரியாக இருந்தது.

அண்ணி, எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அந்த வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, யாரும் இல்லாத கராஜில் உங்களைத் திட்டினேன். இவ்வளவுதானா? இதற்குத்தானா "நீயா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்? ஒரு மத்தியானத்தில் வருகிற காரியத்தையா பதினோரு வருஷம் எனக்குத் தராமல் வைத்திருந்தீர்கள்? நீங்கள் என் விரலைக் கெடுத்ததை மன்னித்துவிட்டேன். அதில் என் பங்கும் இருக்கிறது. இதை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்போது எழுதுகிறேன்.

அதனால் திரும்பி வரமாட்டேன். நீ அறு, நான் பிடிக்கிறேன் என்கிறீர்கள். வேண்டாம். உங்கள் கை என் ரம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் என்னால் அறுக்க முடியாது. பிடிக்க வேண்டியதை இரும்பு பிடிக்கட்டும். இந்தத் தெருக் கோடியில் ஒரு தையல்காரி இருக்கிறாள், அவள் மிஷினுக்கு ஒரு புது மேற்பலகை கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்டிருக்கிறாள், அண்ணி. என்னிடம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிடுவேன். அண்ணனுக்குச் சொட்டு மருந்து விடத் தெரியாது, கன்னத்தில் விட்டுவிட்டுக் கண்ணில் விட்டேன் என்பார். கட்டுப் பிரித்ததிலிருந்து நான் கிளம்பும்வரை நானே விடுகிறேன். எழுந்து நடக்காதே என்று டாக்டர் சொன்னால் நீங்கள் நடப்பீர்கள், அதற்கும் ஒரு ஆள் வேண்டும். நன்றாகக் கத்துவேன். நீங்களும் கத்துங்கள். கராஜுக்குள் மட்டும் வரமாட்டேன், கூப்பிடாதீர்கள்.

24ஆம் தேதி சாயங்கால வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மறுநாள் காலையில் எனக்கு வேலை இருக்கிறது.

சிட்டு